எண்ணூர் வாளியும் கடலூர் வாளியும்

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வடசென்னைக் கரைக்கும் தன்னார்வலர்களாக வரும் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும்,



நீங்கள் வந்து போவதை இங்கே எல்லாரும் பார்க்கிறோம். ஞாயிறு காலையில் ஒரே நிற டீ-ஷர்ட்டில், கையுறையும் சாக்குப்பையுமாக வந்து இறங்குகிறீர்கள். கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறீர்கள். கண்டல் கன்று நடுகிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். இதைக் கேலி செய்ய இந்த மடலை எழுதவில்லை. விடுமுறை நாளில் தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ரயில் மாறி இவ்வளவு தூரம் வருகிற மனசு லேசுப்பட்டதல்ல. அது வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கரையை நாசம் செய்தவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் இலவசமாகச் செய்து கொடுக்காதீர்கள். அவர்களை அந்த வேலையைச் செய்ய வைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இங்கே ஆள் போதவில்லை.

வாளியிலிருந்தே தொடங்குகிறேன். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றிலிருந்து கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் தார்போலப் படிந்தது. துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் வரிசைகட்டி நிற்கிற இந்தக் கரையில், அந்த எண்ணெயை அள்ளியவை பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளிகள். மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டு மனிதநேயத்தைப் பாராட்டின. பெட்ரோலியத்தை வெறுங்கையால் அள்ளினால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பாராட்டில் அமுங்கிப்போனது. கோடிக்கணக்கில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் எண்ணெய் உறிஞ்சும் கருவிகள் ஏன் தயாராக இல்லை என்று கேட்ட குரல்களும் எடுபடவில்லை.

ஏழு ஆண்டுகள் கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கரையோரக் குப்பங்களின் படகும் வலையும் கறுத்தன. கண்டல் வேர்களில் எண்ணெய் அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்களின் இறகும் கறுத்தது. கழிமுகத்து மீனை மட்டுமல்ல, கடலில் பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. மறுபடி அதே வாளிதான். தொழில் போன மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பத்துக்கு 7,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய்.

காலநிலை நீதி என்று கல்லூரிக் கருத்தரங்குகளில் பேசப்படுவது என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால், மிக்ஜாம் புயல் வந்த வாரத்தை எடுத்துச் சொல்லுங்கள். கடல் சூடேறினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், ஒரே நாளில் கொட்டும் மழையின் அளவு கூடும் என்பது அறிவியல். அந்த மழை வசதியானவர்களின் போயஸ் தோட்டத்திலும் பெய்தது, எண்ணூர்க் குப்பங்களிலும் பெய்தது. ஆனால் பூண்டி ஏரி திறந்தால் நிரம்பிவரும் கொசஸ்தலை ஆறு கடலில் கலப்பது எண்ணூர் வழியாக. அந்த முகத்துவாரத்தைச் சாம்பல் கழிவு மேடாக்கியிருக்கிறது. நீர் விரிந்து நிற்க வேண்டிய உப்பளங்களையும் சதுப்பையும் துறைமுகச் சாலைகளும் கிடங்குகளும் நிரப்பியிருக்கின்றன. போக வழியில்லாத வெள்ளம் மணலி புதுநகருக்குள் ஏறுகிறது. அதோடு எண்ணெயும் சேர்ந்து வருகிறது. வானத்திலிருந்து வந்தது மழை மட்டும்தான். மற்றதெல்லாம் மனிதர்கள் கையெழுத்துப் போட்டு அனுமதித்தவை. அந்தக் கையெழுத்துகள் போடப்பட்ட அறைகளில் மீன் விற்கும் பெண் ஒருத்தியும் இருந்ததில்லை. அநீதி அங்கே இருக்கிறது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களும் வல்லூர் அனல்மின் நிலையமும் சேர்ந்து 4,130 மெகாவாட். இவ்வளவும் ஒரு கழிமுகத்தைச் சுற்றி. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மின்சாரம் கம்பியில் ஏறி ஊரெங்கும் போய்விடுகிறது. சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் படிக்கிற கல்லூரியின் குளிர்சாதன அறையும் இந்தக் கணக்கில் உண்டு. குற்ற உணர்வில் குன்றிப்போவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணூருக்கு உதவி செய்ய வந்தவர்கள் என்ற நினைப்போடு வராமல், எண்ணூருக்குக் கடன்பட்டவர்கள் என்ற நினைப்போடு வந்தால் பேச்சின் தொனியே மாறும். அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இன்னொரு வாளி. 2004ஆம் ஆண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தார்கள். புகார் சொன்னால், அதிகாரிகள் வருவதற்குள் நாற்றம் போயிருக்கும். "இப்போது ஒன்றும் இல்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மக்கள் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில், என்ன மாதிரி நாற்றம் என்று எழுதத் தொடங்கினார்கள். அழுகிய முட்டை மாதிரி, நெயில் பாலிஷ் மாதிரி என்று மூக்குக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதினார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் காற்றுப் பையைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் அந்த நேரத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளை அடுத்துக் குடியிருந்தவர்கள் 1990களில் பயன்படுத்திய உத்தி அது. ஆய்வகம் அனுப்பிய பட்டியலில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருட்களின் பெயர்கள் இருந்தன. அதுவரை வெறும் புலம்பலாக ஒதுக்கப்பட்டது, அன்றிலிருந்து பதில் சொல்ல வேண்டிய ஆவணமானது.

எண்ணூரில் வாளி குற்றத்தின் தடயத்தை அள்ளி அப்புறப்படுத்தியது. கடலூரில் அதே வாளி தடயத்தைப் பிடித்துவைத்தது. நீங்கள் எந்த வாளியைத் தூக்கப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆவணம் என்றதும் சலிப்பாக இருக்கலாம். ஆவணம் இந்தக் கரையில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானங்களுக்கு இடமில்லாத பாதுகாக்கப்பட்ட நீர்நிலை. பின்னால் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் கழிமுகமே காணாமல் போயிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீன் துள்ளுகிறது, காகிதத்தில் மட்டும் அப்படி ஓர் இடம் இல்லை! இந்த மோசடியை வெளியே கொண்டுவந்தது பெரிய ஆய்வு நிறுவனம் எதுவுமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்ட மனு. பத்து ரூபாய் செலவு.

சாம்பல் கதையும் அப்படித்தான். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையில் சாம்பல் கொட்டுவதை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் படம் பிடித்தார்கள். உடைந்த இடத்தையும் தேதியையும் குறித்தார்கள். வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மாசுபட்ட சதுப்பை மின்வாரியம் சீரமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு வந்த மறுநாளே ஆறு தெளிந்துவிடவில்லை. ஆனால் "நாங்கள் கொட்டவே இல்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது. இதே கழிமுகத்தில் படமாக்கப்பட்டு 2017இல் வெளியான, பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்குப் பாடல்' ஊரின் கண்ணைத் திறந்தது. அதே ஆண்டு கமல்ஹாசன் வந்து பார்த்தபோது கேமராக்கள் வந்தன. அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் கேமராக்கள் போன பிறகும் குழாய் உடைந்த தேதியை எழுதிக்கொண்டிருந்தவர்களால்தான் வழக்கு நின்றது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை எவை என்று பட்டியல் போடுகிறேன். இவற்றில் எதற்கும் டீ-ஷர்ட் தேவையில்லை.

முதலாவது, நோட்டு. ஊரில் ஏற்கெனவே தெரிந்திருப்பதை எழுத்தில் வையுங்கள். எந்த மாதம் எந்த மீன் படுகிறது, வெள்ளை இறாலும் சேற்று நண்டும் எந்த ஆண்டிலிருந்து குறைந்தன, முன்பு கோல் ஊன்றினால் எட்டாத ஆழம் இப்போது எவ்வளவு, ஆலையின் சுடுநீர் கலக்கும் இடத்தில் வலையில் என்ன விழுகிறது. இங்கே முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறை உண்டு. இன்று எந்த இடத்தில் யார் வலை விடலாம் என்பது ஊர்க்கட்டுப்பாடு. அந்த முறை தெரிந்தவர்களின் தலைக்குள் இருக்கிற கணக்கு, எந்தச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையையும்விட நுணுக்கமானது. அதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தி, ஒரு பிரதியை ஊரிலேயே வையுங்கள். தரவு ஊருடையது. உங்கள் ஆய்வேட்டுக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது ஏன் பேரிடருக்கு முன்பே வேண்டும் என்றால், நிவாரணப் பட்டியல் தயாராகும் வேகம் அப்படி. படகுப் பதிவு இருக்கிறதா, சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்குப் படகு ஏது, பதிவு ஏது? கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு அன்றைய நட்டத்தைக் காட்ட ரசீது ஏது? யார் எங்கே என்ன தொழில் செய்கிறார் என்று நேற்றே எழுதிவைத்திருந்தால், நாளைக்குப் பட்டியலில் விடுபட்டவர்களுக்காக வாதாட முடியும்.

இரண்டாவது, மனு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆலையும் நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கான அறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அவை பொது ஆவணங்கள். உங்களில் வேதியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள், கணக்குப்பதிவியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஓர் ஆலையை எடுத்துக்கொண்டு அந்த அறிக்கைகளைப் படியுங்கள். மூன்று ஆண்டு அறிக்கைகளில் ஒரே பத்தி வரிமாறாமல் ஒட்டப்பட்டிருந்தால் அதுவே ஒரு செய்தி. கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. கேள்வி நீளமாக இருக்க வேண்டாம். "மாசைத் தடுக்க என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் வழவழப்பான பதில் வரும். "இந்த ஆண்டு சாம்பல் குழாய் எத்தனை முறை உடைந்தது, ஒவ்வொன்றின் தேதியும் தருக" என்று கேட்டால் எண் வந்தாக வேண்டும்.

மூன்றாவது, கூட்டம். பெரிய ஆலைத் திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாளாவது முன்னறிவிப்பு வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவும் விதியில் இருக்கின்றன. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. யாருமே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. அதனால்தான் ஆள் வர வேண்டும் என்கிறேன். சுருக்கம் தமிழில் இருந்தாலும் முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலம். அதைப் படித்து, எந்தப் பக்கத்தில் நம் ஊரைப் பற்றி என்ன பொய் இருக்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் தமிழில் எடுத்துச் சொல்லும் ஓர் ஆள், கரையில் நூறு பை குப்பை பொறுக்கும் ஆட்களைவிட அன்றைக்குப் பெரியவர்.

காட்டுப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்க அதானி குழுமம் திட்டம் போட்டது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பருக்கு மறுபடி தேதி அறிவித்தார்கள். அதுவும் நிற்கவேண்டி வந்தது. பழவேற்காடு முதல் எண்ணூர் வரை மீனவ ஊர்கள் ஒரே குரலில் பேசியதும், அந்தக் குரலுக்குப் பின்னால் பக்கம் பக்கமாக ஆட்சேபணை மனுக்கள் எழுதப்பட்டதும் இதில் சேர்த்தி. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தேதி தள்ளிப்போன செய்தி. உள்ளே இருந்தவர்களுக்கு எத்தனையோ இரவுகளின் தட்டச்சு வேலை.

கருத்துக் கேட்பு தினமும் வருவதில்லை. உள்ளாட்சிக் கூட்டங்கள் வருகின்றன. காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற ஊராட்சிகளில் குடியரசு நாள் தொடங்கி நவம்பர் 1 உள்ளாட்சி நாள் வரை ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மாநகராட்சி எல்லைக்குள் பகுதி சபைகள். ஏகனாபுரத்தைப் பாருங்கள். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானத்தின்மேல் தீர்மானமாகப் போட்டு, 2022 முதல் அந்த ஊர் தன் மறுப்பைச் சர்க்கார் காகிதத்திலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத நீங்கள் அங்கே பேச முடியாது, பேசவும் கூடாது. தீர்மான வாசகத்தை எழுத உதவலாம். முந்தின தீர்மானம் என்ன ஆனது என்று தேடிக் கொடுக்கலாம். அதற்குமேல் அந்தச் சபை அவர்களுடையது.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தால் நடந்த கேடுகளும் உண்டு. சேற்றுவெளியைப் பார்த்ததும் "காலியாகக் கிடக்கிறதே" என்று கன்று நடத் தோன்றும். அது காலி இடமில்லை. இறால் தேடுகிறவர்களின் தொழிற்களம், வலசைப் பறவைகளின் மேய்ச்சல் தரை. கண்டல் எங்கே இயல்பாக வரும், எங்கே நட்டால் நீரோட்டம் அடைபடும் என்பது அங்கே வலை வீசுகிறவருக்குத் தெரியும். கேட்காமல் ஒரு குச்சிகூட ஊன்றாதீர்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் நடுவிழாக்களுக்குக் கூப்பிட்டால், அந்த நிறுவனத்தின் குழாய் எங்கே திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஆற்றில் சாம்பல் விடுகிறவர் கரையில் செடி நடுகிற படத்தில் உங்கள் முகமும் இருக்க வேண்டாம்.

குப்பம் ஒரே குரலில் பேசும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே வீட்டில் அப்பா ஆற்றுத் தொழில், மகன் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. ஆலை வேண்டாம் என்று அப்பா கொடி பிடித்தால் மகனுக்கு அடுத்த மாத வேலை நிச்சயமில்லை. இந்தச் சங்கடத்தை வெளியிலிருந்து வந்த நாம் "விலைபோய்விட்டார்கள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது அயோக்கியத்தனம். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஆனால் சந்தையில் மீன் விலை விழுந்தால் முதலில் அடிபடுவது அவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் ஏலம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து அவர்கள் உட்காரும் நேரத்துக்கு நீங்கள் போக வேண்டும். உங்கள் ஞாயிறு காலை பத்து மணி அவர்களுக்கு வியாபார நேரம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை இந்த ஊர் மறக்காது. சுனாமி வந்த அதே தேதி. கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். எண்ணெய் கொட்டி மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அதன்பின் ஊர் மாதக்கணக்கில் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்தது. முதல் வாரம் பந்தலில் இடமில்லாத அளவுக்கு ஆதரவாளர்கள். நாள் ஆக ஆக, வெளியூர் முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுவது அப்படிப்பட்ட மூன்றாவது மாதத்தில். கோஷம் போட வேண்டாம். தீர்ப்பாயத்தின் அடுத்த வாய்தா எப்போது, அரசு தரப்பு என்ன அறிக்கை கொடுத்தது என்று பந்தலில் வந்து சொல்லிவிட்டுப் போனால்கூட உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெம்பு.

உங்களைப் பார்த்து "வளர்ச்சிக்கு எதிரி" என்பார்கள். கரண்ட் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். கோபப்படாமல் திருப்பிக் கேளுங்கள். இத்தனை ஆலைகள் வந்த பிறகு எண்ணூரில் எந்த வளர்ச்சி வந்தது, யார் வீட்டில் வந்தது? 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் மீண்டும் 660 மெகாவாட் நிலக்கரி உலை வேண்டுமென்று 2024 டிசம்பரில் கருத்துக் கேட்பு நடந்தபோது மக்கள் கேட்டதும் இதைத்தான். மின்சாரமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஏன் எங்கள் தலையிலேயே வைக்கிறீர்கள் என்றார்கள். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று கைகோத்து நின்ற குடும்பங்களும் இதையே கேட்கின்றன. நகரத்தின் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்கிறது, வடக்கே கடல் வீடுகளைத் தின்கிறது. தெற்குக்கு வாங்கித் தந்த அழகின் விலையை வடக்கு நூறாண்டுக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கானமயில் தொடர்பான வழக்கில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் தரும் உரிமைக்குள் அடங்கும் என்றது. காகிதத்தில் ஏறிய உரிமை தானாக இறங்கி எண்ணூருக்கு வராது. அதை எடுத்துக்காட்டி மனுவில் எழுத ஆள் வேண்டும்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கசிவு நடந்த இடத்துக்கு ஓடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், எண்ணெயைத் தொடாதீர்கள், ஊராரையும் வெறுங்கையோடு இறங்க விடாதீர்கள். அன்று முதல் வேலை படம் எடுப்பது, நேரம் குறிப்பது, 108க்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குவது. சாட்சி எடுத்த பிறகு சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். படத்தில் இருப்பவர் முகத்தைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு பதிவு. அவருக்கு வேலை போகும் காரணமாகலாம். தூத்துக்குடியில் 2018இல் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது 13 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்த மாநிலம் இது. வழக்கு வந்தால் நீங்கள் ஊருக்குப் போய்விடலாம். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட நிற்கப்போவது இங்கே இருப்பவர்கள். எந்தப் போராட்ட முறையையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

ஐம்பது பேர் ஒரு நாள் வருவதைவிட ஐந்து பேர் ஓராண்டு வருவது மேல். அந்த ஐவரில் ஒருவர் மனுக்களைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் தீர்ப்பாய வழக்குகளைத் தொடரட்டும். ஒருவர் ஆலைகளின் நிபந்தனை அறிக்கைகளைப் படிக்கட்டும். இருவர் ஊரில் நோட்டோடு உட்காரட்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர், தன் இடத்துக்கு வருகிறவரிடம் கோப்பை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் இருளர் குடியிருப்பையும் தனித்தனியாகப் பார்த்து, "எங்களால் இன்னின்ன செய்ய முடியும், எது உங்களுக்கு வேண்டும்" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடிவில் ஊர்க்கூட்டத்தில் கணக்குச் சொல்லுங்கள். எத்தனை மனு போட்டோம், எத்தனைக்குப் பதில் வந்தது, எந்த ஆலை எந்த நிபந்தனையை மீறியது, அதற்கு என்ன நடவடிக்கை, நிவாரணத்தில் விடுபட்ட எத்தனை பேர் பட்டியலில் ஏறினார்கள். நிதி கொடுத்தவர்களுக்கும் கல்லூரிக்கும் அறிக்கை கொடுத்துப் பழகியவர்கள் நீங்கள். இந்த முறை அறிக்கை எண்ணூருக்கு. அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாம் ஆண்டைத் தொடங்குங்கள்.

தோழமையுடன்,
வடசென்னையிலிருந்து ஒரு தன்னார்வலர்